ஐம்பத்தைந்துக்கு முன் மூன்று வருடம்

வேலையை விட்டுப் போகிறவர்களின் கடைசிப் படிவங்களை நிரப்புவதே இருபத்தெட்டு வருடமாக என் வேலையாக இருந்தது. சீனன்குடாப் பக்கம், துறைமுகத்துக்குள் சொந்த இறங்குதுறை வைத்திருந்த ஒரு கம்பனி அது. ஆளணிப் பிரிவில் இரண்டு மேசைகள், ஓர் இரும்பு அலுமாரி, கப்பல்கள் தெரிகிற ஒரு ஜன்னல். இப்போது அந்த மேசையில் இருக்கிற பிள்ளைகள் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். வைப்புப் பணத்தின் வட்டியில் வங்கிகள் பிடிக்கிற வரி கூடிவிட்டது, வயது வருமுன் ஓய்வு எடுக்கிறவர்கள் வந்து என்ன செய்வதென்று கேட்கிறார்கள், நீங்கள் எப்படிச் சொன்னீர்கள், அக்கா என்று. எனக்கு வாயால் சொல்ல வராது. எழுதினால் ஒழுங்காக வரும்.

நான் சாதாரண தரம் மட்டும் படித்தவள். தட்டச்சுத் தெரியும் என்பதால் எடுத்தார்கள். முதல் இரண்டு வருடமும் கடிதம் அடித்தேன், கோப்பு அடுக்கினேன், யாராவது கேள்வி கேட்டால் தலையைக் குனிந்தேன். இறங்குதுறை ஆட்கள், "அந்தப் பிள்ளை கதைச்சா அண்டைக்கு ஒரு கப்பல் கூட வரும்" என்று பகிடி பண்ணுவார்கள். மூன்றாம் வருடம் என்னை ஓய்வுப் படிவங்களுக்கு மாற்றினார் அன்ரன் சேர்.

அன்ரன் சேர் ஆளணி அலுவலர். ஒல்லியான மனிதர். குரல் உயர்த்த மாட்டார். வேலையை விடுகிறவர் வந்தால் முதலில் கதிரையைக் காட்டுவார். பிறகு, "வீட்டுக்காரி வரேல்லையோ?" என்பார். வராவிட்டால் வேறு ஏதாவது கதைத்து அனுப்பிவிடுவார். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து இருந்தால்தான் அலுமாரியைத் திறப்பார்.

திறந்து எடுப்பது ஒரு பழைய நாட்காட்டித் தாள். அதன் வெள்ளைப் பக்கத்தில் அடிமட்டம் வைத்து வரிசையாகப் பெட்டிகள் கீறுவார். ஒரு பெட்டி ஒரு வருடம். அவருடைய வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், ஏனென்றால் வரிக்கு அதுதான் வருடம். ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு போடுவார். ஒருவருடைய வருட வருமானம் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றால் வரி இல்லை. மேலே போன பகுதிக்கு மட்டும் வரி. அந்த எல்லைத் தொகையை அரசாங்கம் எத்தனையோ முறை கூட்டியும் குறைத்தும் விட்டது. தொகை மாறினாலும் கோடு என்று ஒன்று எப்போதும் இருந்தது.

படிக்காதவர்களுக்கும் அதை அவர் ஜன்னலைக் காட்டியே விளங்கவைத்தார். "அங்க நிக்கிற கப்பலில சுமைக் கோடு தெரியுதே? அந்தக் கோடு தண்ணியைத் தொடுமட்டும் ஏத்தலாம். அதுக்கு மேல ஏத்தினால் பிரச்சினை. ஆனால் பாதிச் சரக்கோட போன கப்பலை, மிச்ச இடத்துக்கு ஏத்திப்போட்டு விடுறன் எண்டு திருப்பிக் கூப்பிட ஏலாது. போன வருஷத்தில வெறுமையாய்க் கிடந்த இடமும் அப்பிடித்தான்."

வேலையை விடுகிறவரின் விடயத்தில் இதுதான் முக்கியம். சம்பளம் நின்ற வருடங்களில் அந்தப் பெட்டி வெறுமையாகக் கிடக்கும். சேமித்த காசு தருகிற வட்டியை அந்த வெறும் பெட்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாக வரவிட்டால் வரியே வராது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெட்டியில் கொட்டினால் கோடு மூழ்கிவிடும்.

பெட்டிகளைக் கீறிய பிறகு அவர் மூன்று கேள்விகள் கேட்பார். எந்தக் காசு எப்ப வரும்? எந்தக் காசு எப்ப தேவை? இடையில என்ன சாப்பிடுவியள்? மூன்றாவதுக்குப் பலர் சிரிப்பார்கள். அவர் சிரிக்காமல் காத்திருப்பார். கடைசியில் படிவத்தில் கையெழுத்து வாங்கினாலும் அன்றைக்கு அனுப்ப மாட்டார். ஓர் இரவு மேசை இழுப்பறையில் கிடக்க வேண்டும். மறுநாள் வந்து "அனுப்புங்கோ" என்று சொன்னால்தான் போகும்.

இதையெல்லாம் நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துப் படித்தேன். ஆனால் வாய் திறக்கப் படிக்கவில்லை. அதற்கு ஒருவர் விலை கொடுத்தார்.

குறிஞ்சாக்கேணி ஜப்பார் காக்கா. பண்டகசாலையில் காவலாக இருந்தவர். அவர் ஓய்வு பெற்ற கிழமை அன்ரன் சேர் லீவு. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காக்கா சந்தோசமாகச் சொன்னார்: "புள்ள, வட்டி நமக்கு வேணாம். இலாபம் தாற கணக்கில போட்டிரிக்கன். அஞ்சு வருசம் கையே வைக்க மாட்டன். கடைசில மொத்தமா எடுத்து வீட்ட மேல கட்டுவன்." வட்டி என்றாலும் இலாபம் என்றாலும் வரிக்கு ஒன்றுதான் என்பதும், ஐந்து வருட இலாபம் ஒரே வருடத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். வருடா வருடம் எடுக்கிற மாதிரி மாற்றுங்கோ என்று ஒரு வசனம் சொன்னால் போதும். சேர் வந்தால் சொல்லுவார் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். சேர் வரும்போது காக்கா போய்விட்டார், நானும் மறந்துவிட்டேன்.

ஐந்து வருடம் கழித்து அவர் வங்கிக் கடிதத்துடன் வந்தார். நான்கு பெட்டிகள் வெறுமை, ஐந்தாவது கோட்டுக்கு மேலே. வரி பிடித்திருந்தார்கள். அதைத் திருப்பிக் கேட்கவும் வழி இல்லை, ஏனென்றால் அந்த ஒரு வருடத்தில் அவர் உண்மையாகவே வரி கட்ட வேண்டியவர். அவர் கோபப்படவில்லை. "புள்ள, அண்டைக்கு இது உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் காக்கா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனார். மேல் வீட்டுக்கு ஓர் அறை குறைந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சில வருடங்களில் அன்ரன் சேர் ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. அலுமாரித் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் கம்பனி ஆட்களைக் குறைக்கத் தீர்மானித்தது. தானாக விலகுகிறவர்களுக்கு நட்டஈடு தருவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். அப்போது வந்தவர்தான் மகேந்திரன் அண்ணை.

சல்லி என்ற ஊரைச் சேர்ந்தவர். இழுவைப் படகில் இயந்திரம் பார்த்தவர். வயது ஐம்பத்திரண்டு. இயந்திர அறையின் செங்குத்து ஏணியில் இருபத்தைந்து வருடமாக ஏறி இறங்கி இரண்டு முழங்காலும் போய்விட்டன. விலகுவது சரிதான், அதில் எனக்கு மறுகதை இல்லை. மனைவி பூமணி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"தங்கச்சி, எல்லாம் நிரப்பிக்கொண்டு வந்தனான். நீங்கள் சீல் குத்திவிட்டாச் சரி" என்றார்.

படிவத்தைப் பார்த்தேன். நட்டஈடும் பணிக்கொடையும் போக வேண்டிய கணக்கு என்ற இடத்தில் மகளின் கணக்கு இலக்கம் இருந்தது. மகள் சுதா ஆசிரியை. அவளுக்கு நிலாவெளியில் கலியாணம் பேசி முடிந்திருந்தது. படிவத்தோடு வங்கி விண்ணப்பம் ஒன்றும் இணைத்திருந்தார். முழுக் காசும் மகள் பெயரில், ஐந்து வருட நிலையான வைப்பு, வட்டி முழுவதும் முடிவில்.

"ஏன் அண்ணை, வட்டியைக் கடைசியில எடுக்கிறியள்?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார். வங்கியில் மாதிரிக்கு அடித்துக் கொடுத்தது. "இஞ்ச பாருங்கோ. மாதா மாதம் வட்டி எடுத்தால் வைப்புத் துண்டில நாங்கள் போட்ட காசு மட்டும்தான் நிக்கும். கடைசியில எடுத்தால், முதிர்வுத் தொகை எண்டு கீழ பெரிசா அடிச்சு வரும். எழுத்துக்கு முதல் மாப்பிள்ளை வீட்டார் துண்டைப் பாக்கோணுமாம். பாக்கட்டும் எண்டுறன்."

எழுத்து என்பது கலியாணப் பதிவு. அதற்கு முதல் சீதனக் காசு பெண்ணின் பெயரில் இருக்கிறதென்று காட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அந்தத் துண்டில் பெரிய தொகை தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் ஐந்து வருட வட்டியையும் ஒரே வருடத்தில் கட்டிவைக்கப் போகிறார் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"ரெண்டு நாளா அந்தத் தாளோடதான் திரியிறார்" என்று பூமணி அக்கா சிரித்தார். "நித்திரைக்குப் போகேக்கயும் ஒருக்கா விரிச்சுப் பாக்கிறார்."

நான் நாட்காட்டித் தாள் எடுத்துக் கீறத் தொடங்கினேன். மகளுக்கு ஒரு வரிசை, தகப்பனுக்கு ஒரு வரிசை.

"இதென்ன தங்கச்சி, பெட்டி கீறிக் கிளித்தட்டே விளையாடப் போறம்?"

"ஓம் அண்ணை. நீங்கள் எந்தப் பெட்டிக்குள்ள பிடிபடப் போறியள் எண்டு பாப்பம்" என்றேன். அப்படிப் பகிடி வரும் என்று எனக்கே தெரியாது. பூமணி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

மகளின் பெட்டிகளில் சம்பளத்தை நிரப்பினேன். கோட்டுக்குக் கீழே இருந்த இடத்தில் பாதி அதிலேயே நிரம்பிவிட்டது. ஐந்தாவது பெட்டியில் ஐந்து வருட வட்டியையும் போட்டேன். கோடு எங்கேயோ கீழே போய்விட்டது. தகப்பனின் வரிசையில் ஒன்றும் இல்லை.

அண்ணை தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "சரி, வரிதானே. ஐஞ்சு வருஷத்தில ஒருக்கா. கட்டுவம்."

"கட்டலாம் அண்ணை. உங்கட பக்கத்துப் பெட்டியள்தான் எனக்கு விளங்கேல்லை. இந்த மூண்டு வருஷமும் என்ன சாப்பிடுவியள்?"

பூமணி அக்காதான் சொன்னார்: "அதுக்குத்தானே தங்கச்சி ஈபிஎப் வருது. அடுத்த மாசம்."

ஈபிஎப் என்பது ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில் மாதா மாதம் பிடித்ததும், கம்பனி போட்டதும், அதன் வட்டியும். சொந்தமாக வேலையை விட்ட பெண்ணுக்கு ஐம்பது வயதிலும் ஆணுக்கு ஐம்பத்தைந்து வயதிலும்தான் அது கைக்கு வரும். அதுவரை உள்ளேயே இருந்து வளரும். எங்களிடம் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். அக்காவுக்கு அவர் சொல்லவில்லை.

தலையைக் குனிந்து, "அதை வீட்டில கதையுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தான் பழக்கம். ஆனால் இந்த முறை குனியவில்லை.

"அக்கா, அது அண்ணைக்கு ஐம்பத்தைஞ்சு முடியத்தான் வரும். இன்னும் மூண்டு வருஷம் கிடக்கு."

"மூண்டு மாசமே?"

"மூண்டு வருஷம்."

பூமணி அக்கா கணவன் பக்கம் திரும்பினார். "அடுத்த மாசம் எண்டுதானே எனக்குச் சொன்னனீங்கள்?"

"ஏதாவது செய்வம் எண்டுதான். கடலுக்குப் போவன்."

"இந்தக் காலோடயோ? வீட்டுப் படி ஏறவே என்ர தோளைப் பிடிக்கிறியள். வள்ளத்தில ஆர்ர தோளைப் பிடிப்பியள்?"

அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. "தங்கச்சி, நான் உங்களிட்டக் குடும்பக் கதை கதைக்க வரேல்லை. படிவத்தை அனுப்புங்கோ."

"இண்டைக்கு ஏலாது அண்ணை. நாளைக்கு வந்து சொல்லுங்கோ, அனுப்புறன்."

"அது என்ன, சட்டமோ?"

"சட்டம் இல்லை. இந்த மேசையின்ர வழக்கம்."

"கதிரையில இருந்து கோடு கீறுறவைக்கு என்ன தெரியும், பெட்டைப் பிள்ளையைக் கரைசேர்க்கிற கஷ்டம்? நான் மனேச்சரிட்டப் போறன்."

"போங்கோ அண்ணை" என்றேன். அவர் மனேச்சரிடம் போகவில்லை. கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே போனார். பூமணி அக்கா அந்த நாட்காட்டித் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் போனார். சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மறுநாள் காலை அவர் தனியாக வரவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா தம்பிராசா என்பவரும் கூட வந்தார். நிலாவெளியில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர். கலியாணப் பேச்சை நடத்தியதும் அவர்தான். அண்ணையின் கையைப் பிடித்து இருக்கவைத்துவிட்டு, தான் நின்றபடியே கேட்டார்.

"மிஸ், சம்பந்தி வீட்டுக் காசை மறிச்சு வைச்சிருக்கிறியளாம்?"

"மறிக்கேல்லை ஐயா. ஒரு கேள்விக்குப் பதில் வரேல்லை. நீங்கள் சொன்னாலும் சரி. கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை எங்க இருப்பார்?"

"இதென்ன கேள்வி. பொம்பிளை வீட்டிலதான். சல்லியில."

"பொம்பிளையின்ர தாய் தகப்பன்?"

"அவையளும் அங்கதான். பின் அறையில."

"குசினி?"

"குசினி ஒண்டுதான். ரெண்டு கட்டுறதுக்கு இவர் என்ன கப்பல் முதலாளியே?"

"காசு முழுக்கப் பிள்ளையின்ர பேரில ஐஞ்சு வருஷம் பூட்டுப்பட்டிருக்கும். அண்ணைக்கு ஈபிஎப் வர மூண்டு வருஷம். அதுமட்டும் அந்தக் குசினிக்கு ஆர் சாமான் வாங்கிறது, ஐயா?"

தம்பிராசா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். கடைக்காரர் இல்லையா, இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெல்ல அண்ணை பக்கம் திரும்பினார்.

"நீர் ஈபிஎப் எடுத்திட்டன் எண்டெல்லோ எனக்குச் சொன்னீர்?"

அண்ணை தரையைப் பார்த்தபடி, "சம்பந்தம் குழம்பிப் போடும் எண்டு பயந்தனான்" என்றார்.

நான் எல்லாவற்றையும் திரும்பக் கீறிக் காட்டினேன். தம்பிராசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்தாவது பெட்டியில் விரலை வைத்தார். பிறகு சிரித்தார், அறைக்கு வெளியே கேட்கிற மாதிரி.

"நல்ல சீதனம்! என்ர பெறாமகன் முதல் மாசமே மாமனுக்கும் மாமிக்கும் அரிசி வாங்கோணும். ஐஞ்சு வருஷத்தால பெண்சாதியின்ர காசில அரசாங்கத்துக்கும் பங்கு குடுக்கோணும். இதைத்தானே பெரிய தொகை எண்டு எனக்குக் காட்டப் பாத்தீர்?"

"அண்ணையின்ர பேரில போட்டு மாதா மாதம் வட்டி எடுத்தால், மூண்டு வருஷமும் அவையள் உங்கட பெறாமகனிட்டக் கை நீட்டத் தேவையில்லை" என்றேன். "அவருக்கு வேறு வருமானம் இல்லை. ஒவ்வொரு ஏப்ரலும், வருமானம் எல்லைக்குள்ளதான் எண்டு வங்கிக்கு ஒரு பிரகடனம் எழுதிக் குடுத்தால் வட்டியில வரியும் பிடிக்க மாட்டினம். முதல் குறையாமல் அப்பிடியே கிடக்கும்."

"பிறகு?"

"ஈபிஎப் வந்த உடன அண்ணை அதில இருந்து சாப்பிடலாம். இந்த வைப்பைப் பிள்ளைக்குக் குடுக்கலாம்."

தம்பிராசா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "எனக்கு எழுத்தில வேணும்" என்றார்.

நானே தட்டச்சில் அடித்தேன். மகேந்திரன் ஆகிய எனக்கு ஐம்பத்தைந்து வயது பூர்த்தியாகி, சேமலாப நிதி கைக்கு வந்ததும், இன்ன வைப்பை மகள் பெயருக்கு மாற்றுவேன் என்று ஆறு வரி. அண்ணை கையெழுத்து வைத்தார். தம்பிராசா சாட்சி. பிறகு அண்ணை பழைய படிவத்தை வாங்கி, மகளின் கணக்கு இலக்கத்தை வெட்டித் தன்னுடையதை எழுதினார். "அனுப்புங்கோ, தங்கச்சி" என்றார். முகத்தை நிமிர்த்தவில்லை. எழுந்து போகும்போது தம்பிராசாதான் தோள் கொடுத்தார்.

எழுத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கூட்டத்துக்குப் போக எனக்கு வெட்கம், இருந்தாலும் போனேன். துண்டில் போட்ட காசு மட்டுமே இருந்தது. யாரோ ஒரு பெரியவர் அதைக் கையில் எடுத்து, "இவ்வளவுதானோ?" என்று கேட்டார். "அவ்வளவும் மிஞ்சும். அதுதான் கணக்கு" என்று தம்பிராசா அவர் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்துவிட்டார்.

இப்போது அந்த மேசையில் இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். வரி வீதத்தையும் எல்லைத் தொகையையும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கேட்டு அறிந்துகொள்ளலாம், அது மாறிக்கொண்டே இருக்கும். எந்த வருடத்தில் எது கைக்கு வருகிறது என்பதை மட்டும் எப்போதும் கீறிப் பாருங்கள். சம்பளம் இல்லாத வருடங்களை வீணாக்க விடாதீர்கள். யாருடைய பெயரில் எதைப் போடுவது என்பது அவர்களின் தீர்மானம். ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது மரியாதை அல்ல. நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு பல வருடம் இருந்திருக்கிறேன்.

மகேந்திரன் அண்ணை மூன்று வருடமும் கடலுக்குப் போகவில்லை. ஒவ்வொரு மாதமும் பூமணி அக்காதான் வங்கிக்குப் போய் வட்டியை எடுத்தார் என்று சுதா சொன்னாள். ஏப்ரல் பிரகடனத்தையும் அவரே கொண்டுபோய்க் கணவனிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். முதல் வருடம் வங்கியில் அது என்ன படிவம் என்று கேட்ட பெண்ணுக்கு அக்காவே விளங்கப்படுத்தியிருக்கிறார்.

அண்ணைக்கு ஐம்பத்தைந்து முடிந்த கிழமை இருவரும் வந்தார்கள். நானும் கம்பனியில் கடைசி வருடத்தில் இருந்தேன். ஈபிஎப் விண்ணப்பத்தையும் வைப்பை மாற்றும் கடிதத்தையும் நிரப்பி மேசையில் வைத்தேன். அண்ணை பேனையை எடுத்தார். பூமணி அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"முதல் நான் வாசிக்கிறன்" என்றார்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டு முதல் தாளின் முதல் வரியிலிருந்து தொடங்கினார். விளங்காத இடத்தில் என்னைக் கேட்டார். இரண்டு தரம் என் பிழையையும் பிடித்தார், திகதி ஒன்று, அடையாள அட்டை இலக்கம் ஒன்று. அரை மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். அண்ணை முழங்காலைத் தடவியபடி காத்துக்கொண்டு இருந்தார். கடைசித் தாளின் கடைசி வரி முடிந்ததும் அக்கா எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி அவர் முன்னால் தள்ளினார், பேனையைக் கையில் கொடுத்தார்.

"இப்ப வையுங்கோ."